புரியாத ராப்பும் ஒரு காது இயர்போனும்

வாசகர் கேள்வி
2025 ஜனவரி 11

ராப் ஆல்பம் கேட்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் நம்ம ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு ஒரு வரி கூடப் புரியாது என்பது என் கட்சி. புரியாததற்குத் தலையாட்டுவது பாவனைதானே? இல்லை என்கிறவர்கள் காரணம் சொல்லட்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

அந்தப் பாதிப் பேரில் நானும் ஒருவன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆத்தங்குடியில் தரைக்கல், அதாவது டைல் போடும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வீடு காரைக்குடியில். காலையும் மாலையும் டவுன் பஸ். பஸ்ஸில் டிரைவர் இளையராஜா போடுவார், என் காதில் அமெரிக்க ராப்பர் நாஸ் பேசிக்கொண்டிருப்பார். இசை படித்தவன் கிடையாது. தாளம் தப்பினால் தெரியும், ஏன் தப்பியது என்று கேட்டால் முழிப்பேன். அந்த அளவு ஞானத்தோடுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

நாஸின் 'இல்மாட்டிக்' 1994இல் வந்தது. பத்தே தடம், நாற்பது நிமிஷம். நம்ம 'காதலன்' படத்தில் பேட்டை ராப் வந்ததும் அதே வருஷம்தான். பேட்டை ராப்பைப் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் கத்திக்கொண்டு போன பையன் நான். இல்மாட்டிக்கைக் கேட்டது இருபது வருஷம் கழித்து. முதல் தடவை புரிந்த சொற்களை எண்ணினால் முப்பது தேறும். ஆனால் இரண்டாவது பாட்டு முடிவதற்குள், ஒரு பையன் மாடி ஜன்னலில் நின்று தன் தெருவைப் பார்த்துப் பேசுகிறான் என்று பட்டுவிட்டது. அப்புறம் தேடிப் படித்தால், நியூயார்க் குவீன்ஸ்பிரிட்ஜ் அடுக்குக் குடியிருப்பில் வளர்ந்தவர், ஆல்பம் வந்தபோது வயது இருபது. ஒரு பாட்டின் முடிவில் கார்னெட் ஊதுகிறவர் அவருடைய அப்பா ஓலு டாரா. மகன் பேசி முடித்ததும் அப்பா வந்து ஊதிவிட்டுப் போகிறார். இதற்கு அகராதி வேண்டுமா?

இன்னொன்று. சபாவில் தெலுங்குக் கீர்த்தனைக்குக் கண்ணை மூடித் தலையாட்டுகிறவர்களிடம் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதில்லை.

ஜனவரி 13

"கீர்த்தனையில் ராகம் இருக்கிறது, ராப்பில் என்ன இருக்கிறது" என்று பதில் வந்திருக்கிறது. நியாயமான கேள்வி. நேற்று கொஞ்சம் வீம்பாகப் பேசிவிட்டேன்.

என்ன இருக்கிறது என்றால், மூச்சு இருக்கிறது. எங்கள் அப்பத்தா ஒப்பாரி வைப்பதில் கெட்டிக்காரர். எட்டூருக்குக் கூப்பிட்டு விடுவார்கள். ராகம் என்று பார்த்தால் மூன்று சுரத்துக்கு மேல் போகாது. வித்தை முழுக்க மூச்சு எடுக்கும் இடத்தில்தான். ஒரு வரியை இழுத்துக்கொண்டே போய், இதோ அடங்கப்போகிறது என்று எல்லாரும் எதிர்பார்க்கிற இடத்தில் அடக்காமல், இன்னும் நாலு சொல்லைச் சேர்த்து அள்ளிப் போட்டு, அதற்கப்புறம் மூச்சு வாங்குவார். அந்த நாலு சொல்லில்தான் செத்தவருடைய மருமகள் செய்த கொடுமையெல்லாம் வெளியே வரும். பெரிய வீட்டு வளவில் உட்கார்ந்து அவர் ஆரம்பித்தால் குரல் நாலு தூணிலும் பட்டுத் திரும்பும்.

ராப்பில் நான் கேட்பது அந்த நாலு சொல்லை. அடியின் மேல் சரியாக உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்காருகிற பேச்சை. அது எந்த மொழியாக இருந்தாலும் காதுக்குத் தெரிந்துவிடும்.

ஜனவரி 14

பொங்கல். பட்டறை லீவு. பாட்டும் லீவு. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகிறவர்கள் கட்டையில் ஏறி நின்று பார்க்கவும். போன தடவை கீழே நின்று பார்த்துவிட்டு ஒரு வாரம் நொண்டினேன்.

ஜனவரி 19

என்னுடைய அளவுகோலைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

பட்டறையில் கல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் என்று சிமென்ட் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளில் கலந்து கல் போச்சு. நிறத்துக்கு மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையைப் போட்டுத் தேய்த்து, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். எங்கள் பட்டறையில் வேலை செய்கிற பையன் ஒருவன் என் போனில் ஓடுவதைக் கேட்டுக்கொண்டே கல் போடுவான். அவன் அச்சைத் தூக்கும் நேரத்தில் பாட்டு மாறிவிட்டால் என்னை முறைப்பான். ஆக, நடுவில் கையை வைத்துத் தாண்ட வேண்டாத ஆல்பம்தான் எங்களுக்கு நல்ல ஆல்பம்.

இதில் முழு மார்க் வாங்கியது இல்மாட்டிக். அடுத்தது லாரின் ஹில் 1998இல் போட்ட 'மிஸ்எஜுகேஷன்'. ஹிப்ஹாப் ஆல்பம் ஒன்றுக்கு ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற கிராமி விருது முதன்முதலாகக் கிடைத்தது அதற்குத்தான், 1999இல். வகுப்பில் வாத்தியார் வருகைப்பதிவு எடுப்பதில் தொடங்கும். லாரின் ஹில் பெயரைக் கூப்பிடும்போது பதில் வராது, அவர் வகுப்புக்கே வரவில்லை. பாட்டுகளுக்கு நடுவே அந்த வாத்தியார் காதல் என்றால் என்னவென்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் ராஸ் பராக்கா, பிற்பாடு நியூவர்க் நகர மேயர் ஆனார். ராப் பாதி, பாட்டு பாதி. பாட்டு வேண்டும் என்கிறவர்கள் இங்கே ஆரம்பிக்கலாம்.

ஃபெயில்: கென்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை'. 2015. எழுபத்தொன்பது நிமிஷம். ஊரே தூக்கி வைத்து ஆடுகிறது, எனக்கு ஒன்றும் ஏறவில்லை. வாத்தியங்கள் எங்கோ பக்கத்து அறையில் வாசிப்பதுபோல ஒரே வெறிச்சோடல். பையன் நாலாவது பாட்டிலேயே "அண்ணே, மாத்துங்க" என்றுவிட்டான்.

ஜனவரி 25

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். "அப்படியானால் தமிழ் ராப் புரியுமே, அதைப் பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை?"

மாட்டிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் தமிழ் ராப் எனக்குப் புரிகிறது, அதுதான் தொல்லை. இங்கிலீஷில் ஒருவன் பத்து நிமிஷம் தன் பெருமை பேசினாலும் என் காதில் மத்தளமாக விழும். தமிழில் பேசினால், "சரிப்பா, இப்ப என்ன அதுக்கு?" என்று கேட்கத் தோன்றுகிறது. ஹிப்ஹாப் தமிழாவின் 2012 ஆல்பத்தை அது வந்த புதிதில் தேடிப் பிடித்துக் கேட்டேன். தமிழன் பெருமை, தமிழ்ப் பெருமை என்று போகும் இடங்களில் எதிரே மேடையும் பொன்னாடையும் தெரிய ஆரம்பித்துவிட்டன. ஆனால் சினிமா இல்லாமல் ஒரு தமிழ் ஆல்பத்தை இளவட்டங்கள் தேடிக் கேட்டது அப்போது பெரிய காரியம். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தாண்டாமல் கேட்டது மலேசியாவின் யோகி பி - நட்சத்ராவின் 'வல்லவன்'. 2008.

ஜனவரி 26

2008 தப்பு. 'வல்லவன்' 2006. எனக்கு நினைவிருந்தது கடைசிச் சித்தப்பா அதைக் கொண்டுவந்த வருஷம். அவர் கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை பார்த்தார். எங்கள் பக்கத்துக்குக் கப்பலில் ஒரு காலத்தில் பர்மாத் தேக்கும் பீங்கான் சாமானும் வரும். எங்களுக்கு வந்தது கோடாலித் தைலமும் இந்த சிடியும். 'நிழல்கள்' படத்தில் ராஜா போட்ட மடை திறந்து பாட்டை எடுத்து அதற்குள் ராப்பை நுழைத்திருந்தார்கள். சித்தப்பா அதைப் போட்டுக் காட்டியபோது என் அப்பா, "நல்ல பாட்டை எதுக்குடா கெடுத்து வச்சிருக்கான்" என்றார். மறுநாள் காலை ஷேவ் பண்ணிக்கொண்டே அவரும் அதைத்தான் முணுமுணுத்தார், ராப் பகுதியையும் சேர்த்து.

அங்கேயும் பெருமைதான் பேசுகிறார்கள். அது ஏன் உறுத்தவில்லை என்று ராத்திரி யோசித்தேன். மலேசியத் தமிழ் உச்சரிப்பு எனக்குக் கொஞ்சம் அந்நியம், அதனால் பாதி மத்தளமாகவும் பாதி பேச்சாகவும் விழுகிறது போலிருக்கிறது. அப்படிப் பார்த்தால் கேள்வி கேட்டவர் சொல்வதில் விஷயம் இருக்கிறதோ? எனக்கு வேண்டியது புரியாமைதானோ? இது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 2

எல்லாரும் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் தீபாவளிக்கு வாங்கிய இயர்போன். இன்று அக்கா மகள் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இடதுபக்கம் செத்துப்போச்சே, இதிலயா கேட்கிறீங்க?" என்றாள். பஸ் இரைச்சலில் நான் கவனிக்கவே இல்லை. எப்போதிலிருந்து என்று தெரியாது. பட்டறையிலும் போன் ஸ்பீக்கரை ஈர சிமென்ட் அடைத்திருக்கிறது. அதாவது, இந்த மூன்று வாரமாக இங்கே நான் சொன்ன தீர்ப்பெல்லாம் ஒரு காது தீர்ப்பு.

கடைக்காரர் மாற்றித்தர முடியாது என்றுவிட்டார். பில் இல்லையாம். அவர்தான் பில் வேண்டாம் என்று இருபது ரூபாய் குறைத்தவர்.

பிப்ரவரி 3

வேறு இயர்போன். இரண்டு காதும் வேலை செய்கிறது. முதல் வேலையாக, ஃபெயில் போட்ட 'பட்டர்ஃப்ளை'.

அய்யோ. பக்கத்து அறையில் வாசிப்பதாக எழுதினேனே, அந்தப் பக்கத்து அறை என் இடது காதில் இருந்திருக்கிறது. காமசி வாஷிங்டனின் சாக்ஸஃபோன், தண்டர்கேட்டின் பேஸ் கிதார், பின்னால் கூட்டமாகப் பாடுகிறவர்கள், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. குன்றக்குடிப் படியில் கூட்டத்தோடு ஏறுகிற மாதிரி இருக்கிறது. மூச்சு முட்டுகிறது, நின்றால் பின்னால் வருகிறவர் இடிக்கிறார்.

இன்னொன்றையும் இப்போதுதான் கவனித்தேன். பாட்டுகளுக்கு நடுவே ஒரு கவிதையைச் சொல்ல ஆரம்பிக்கிறார். முதலில் ஒன்றிரண்டு வரி. அடுத்த தடவை இன்னும் சில வரி. இப்படியே வளர்ந்து கடைசியில் முழுக் கவிதையாகிறது. யாருக்குச் சொல்கிறார் என்று பார்த்தால், 1996இல் இறந்துபோன ராப்பர் டூபாக்கிடம். டூபாக் 1994இல் கொடுத்த வானொலிப் பேட்டியை வெட்டி எடுத்து, தன் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்வதுபோல் ஒட்டியிருக்கிறார். கடைசியில் இவர் ஒரு கேள்வி கேட்கிறார், பதில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அப்போதும் பதில் இல்லை. ஆல்பம் அங்கே நிற்கிறது.

செத்தவரைப் பார்த்துக் கேள்வி கேட்டுக் கேட்டுப் பாடுவதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அப்பத்தா இருந்திருந்தால் போட்டுக் காட்டியிருப்பேன்.

எழுபத்தொன்பது நிமிஷம் அதிகம் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

பிப்ரவரி 10

காலை ஆறரை மணிக்கு அமெரிக்காக்காரர்களின் 'சூப்பர் பவுல்' கால்பந்து ஆட்டத்தில் இடைவேளைக்கு உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் எனக்குச் சுத்தமாகப் புரியாது, ஆகவே இதுவும் பாவனைக் கணக்கில் சேரும். கென்ட்ரிக் பாடினார். நடிகர் சாமுவேல் ஜாக்சன், அமெரிக்காவையே ஒரு ஆளாகக் காட்டுகிற அங்கிள் சாம் வேஷத்தில் வந்து இப்படிப் பாடாதே, அப்படிப் பாடு என்று அதட்டிக்கொண்டிருந்தார். அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "யாரு, இந்தப் பையனைத் திட்டிக்கிட்டே இருக்காரே" என்றார். அம்மாவுக்கு நிகழ்ச்சி புரிந்துவிட்டது.

டிரேக் என்ற இன்னொரு ராப்பரைத் தாக்கி கென்ட்ரிக் பாடிய 'நாட் லைக் அஸ்' பாட்டுக்குப் போன வாரம்தான் ஐந்து கிராமி கொடுத்தார்கள். எதிரியை வைது பாடிப் பரிசு வாங்குவதெல்லாம் காளமேகம் ஊருக்குப் புதிதில்லை.

இன்று இன்னொரு கணக்கும் உண்டு. ஹிப்ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லா இறந்தது 2006 பிப்ரவரி 10. மூன்று நாள் முன்னால், அவருடைய 32ஆவது பிறந்தநாளில், 'டோனட்ஸ்' வெளியானது. முப்பத்தொரு துண்டு, பெரும்பாலானவை ஒன்றரை நிமிஷம்கூட வராது. ராப்பே கிடையாது, பழைய ரெக்கார்டுகளை வெட்டி ஒட்டிய வாத்திய இசை. புரிகிறதா புரியவில்லையா என்ற சண்டையே இல்லாத ஆல்பம். பையனுக்கு இது பிடிக்கவில்லை. "ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடுதுண்ணே."

பிப்ரவரி 16

டோனட்ஸ் கேட்ட வேகத்தில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன், பழைய சாமான் கடைகளுக்கு. பீங்கான், எனாமல் தூக்கு, ராஜா ரவிவர்மா படம், கதவு நிலை எல்லாவற்றுக்கும் அடியில் ரெக்கார்டுகள் கிடக்கும். யார் வீட்டு முகப்பில் பாடியதோ.

ஏவி மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்குப் போகும் முன் காரைக்குடியில் அவர்கள் குடும்பக் கடையில் ரெக்கார்டு விற்றவர் என்பது ஊருக்கே தெரிந்த கதை. யுத்த காலத்துக்குப் பின் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு 'நாம் இருவர்' எடுத்ததும் அவரே. அப்படிப்பட்ட ஊரில் ஒரு இசைத்தட்டுக்கு இப்போது என்ன விலை என்றால், கடைக்காரர் என்னைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், அறுநூறு என்றார். சுவரில் மாட்டுவதற்காம். பாடுமா என்று கேட்டேன். "பாடணுமா?" என்றார். இருநூறுக்குப் பேசி ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தால் ஓரம் பிறை மாதிரி உடைந்திருக்கிறது.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் பிராங்க்ஸில் தங்கை நடத்திய விருந்துக்கு ரெக்கார்டு போட்டவர் கூல் ஹெர்க். பாட்டு நின்று மேளம் மட்டும் ஓடுகிற இடத்தில்தான் ஜனங்கள் ஆடுகிறார்கள் என்று கவனித்தவர். ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றதில் அதே இடத்தை ஓடவிட்டு நீட்டினார். ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று அந்த நாளைத்தான் சொல்கிறார்கள். எனக்கு ஒரு பிரதியே உடைந்த பிரதி.

பிப்ரவரி 23

ரெக்கார்டு பற்றி எழுதியதும் ஒருவர், "நாம்தான் அவர்களைக் காப்பி அடிக்கிறோம்" என்று எழுதியிருக்கிறார். அமெரிக்கக் குழு பிளாக் ஐட் பீஸ் 2003இல் போட்ட 'எலிஃபங்க்' ஆல்பத்தில் ராஜாவின் 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப் பாட்டிலிருந்து ஒரு துண்டு இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும்தான். வட்டிக்கடை ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதைவிட நெருக்கமானவர் பாடகி எம்.ஐ.ஏ. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து லண்டன் போனவர். முதல் ஆல்பம் 'அருளர்', 2005, அப்பாவின் இயக்கப் பெயர். இரண்டாவது 'கலா', 2007, அம்மாவின் பெயர். கலாவில் ஒரு இடத்தில் உறுமி வருகிறது. பஸ்ஸில் கேட்டவன் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன், எங்கேயோ சாமி வருகிறது என்று. அந்தக் கம்பு தோலில் இழுபடும் சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் இரண்டு பேருக்கு நிச்சயம் அருள் வந்துவிடும். அவர் பாடுவது இங்கிலீஷ். அந்த நிமிஷம் அது எந்த மொழி என்று எனக்கு நினைப்பே வரவில்லை.

அறிவும் தீயும் பாடி 2021இல் வந்த எஞ்சாயி எஞ்சாமி ஆல்பம் கிடையாது, ஒற்றைப் பாட்டு. இருந்தாலும் ஜனவரி 25 அன்று நான் எழுதியதைக் காலி பண்ணுவதற்கு அது ஒன்று போதும். ஒவ்வொரு சொல்லும் புரிகிறது, கடுப்பேறவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து எடுத்தது என்று அறிவு சொல்லியிருக்கிறார். நடுவில் ஒப்பாரி வேறு. ஆக எனக்குக் கடுப்பு தமிழ் ராப் மேல் இல்லை. பொன்னாடை மேல்.

பிப்ரவரி 24

ராப்பர் ஹனுமன்கைண்டின் 'பிக் டாக்ஸ்' பாட்டைக் கேட்டீர்களா என்கிறார் ஒருவர். கேட்டேன், பார்த்தேன். அதன் வீடியோவை 2024இல் கேரளத்துப் பொன்னானியில் மரணக் கிணற்றுக்குள் எடுத்திருக்கிறார்கள். திருவிழாப் பொருட்காட்சியில் பத்து ரூபாய் கொடுத்து மேலே நின்று எட்டிப் பார்த்ததுதான் எனக்கு நினைவு. பாட்டைவிட அந்தப் பலகை தடதடக்கும் சத்தம் பிடித்திருந்தது.

மார்ச் 2

கேள்வி கேட்டவருக்காக ஒரு வாரம் வீட்டுப்பாடம் செய்தேன். நான் தலையாட்டிய ஆல்பங்களின் வரிகளை எடுத்துவைத்து, அகராதியோடு படித்தேன்.

பாதி நாள் வெட்கமாக இருந்தது. பெண்களைப் பற்றிச் சில இடங்களில் பேசுகிற பேச்சு, தமிழில் இருந்தால் பட்டறையில் போட்டிருக்க மாட்டேன். தமிழில் பெருமை பேசினால் முகம் சுளித்தவன், இங்கிலீஷில் அதைவிட மோசமானதற்குத் தாளம் போட்டிருக்கிறேன். இந்த இடத்தில் உங்கள் கட்சி ஜெயித்தது.

மீதி நாள் வேறு மாதிரி. கென்ட்ரிக்கின் 2012 ஆல்பம் 'குட் கிட், மேட் சிட்டி'யில் நடுநடுவே போன் செய்தி வரும். ஏதோ கனமான விஷயம் என்று நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால், அம்மா தன் வேனை எடுத்துக்கொண்டு போன மகனிடம் வண்டியைத் திருப்பிக் கொண்டுவா என்கிறார். அப்பாவுக்குத் தன் டாமினோ கட்டைகள் எங்கே என்ற கவலை. நான் எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு போய் ராத்திரி வராமல் இருந்தபோது என் வீட்டில் வந்த போனும் இதேதான். ஐந்து வருஷமாகக் கேட்கிறேன், சிரிக்க வேண்டிய இடத்தில் சோகமாக உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

மார்ச் 9

கடைசியாக கென்ட்ரிக்கின் 'டேம்'. 2017. இதற்குத்தான் மறு வருஷம் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்த இசைப் பரிசு போனது அதுவே முதல் தடவை. பதினான்கு பாட்டு. அதே வருஷக் கடைசியில் பாட்டுகளின் வரிசையைத் தலைகீழாக்கி இன்னொரு பதிப்பும் விட்டார்கள். இரண்டு பக்கமிருந்தும் கேட்டுப் பார்த்தேன், எனக்கு நேர்வரிசைதான்.

வெள்ளிக்கிழமை பையன் கல் போட்டுக்கொண்டிருந்தபோது கடைசிப் பாட்டு ஓடியது. "இது என்னண்ணே, கதை சொல்ற மாதிரி இருக்கே" என்றான். வீட்டுப்பாடம் செய்திருந்ததால் சொல்ல முடிந்தது. ஒரு கோழிக்கடையில் கென்ட்ரிக்கின் அப்பா வேலை பார்க்கிறார். அதைக் கொள்ளையடிக்க ஒருவன் திட்டம் போடுகிறான். இந்த அப்பா அவன் வரும்போதெல்லாம் காசு வாங்காமல் கோழி கொடுத்து, கூட இரண்டு பிஸ்கட்டும் வைக்கிறார். அதனால் அவரை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறான். அந்த ஆள்தான் பின்னாளில் கம்பெனி தொடங்கி, அவருடைய மகனின் பாட்டையே வெளியிடுகிறான். கதை முடிந்ததும் டேப் பின்னால் சுற்றுகிற சத்தம், ஆல்பம் முதல் வரிக்குப் போய்விடுகிறது.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. அச்சைத் தூக்கினான், சிவப்பு சிவப்பாகவே நின்றது.

நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தொட்டிப் பக்கம் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இவன் நடுவில். "அந்தாளு கத்தியோடதான் வந்தான். இவரு பரோட்டாக் கடையில மாஸ்டரு. பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. இலையைப் போட்டு ரெண்டு பரோட்டா சேத்து வச்சாரு, சால்னா வேணுங்கிற அளவு..."

சால்னா எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.